மலையகத்தின் பொதுச்சுவர்கள்: தெரிவு செய்வது யார்?

நூலகம், சனசமூக நிலையம், மருந்தகம், பேருந்துத் தரிப்பிடம், பாலர் பாடசாலை என ஓர் அயலில் வாழ்வோர் அன்றாடம் புழங்கும் கட்டடங்களில் எந்த ஓவியம் தீட்டப்பட வேண்டும், எந்தச் சிற்பம் நிறுவப்பட வேண்டும் என்பதை, முன்மொழிவுகளை வெளிப்படையாகக் கோரி, அவற்றை ஒப்புநோக்கித் தீர்மானிப்பதற்கென உலகின் பல நகரங்கள் நிரந்தரக் குழுக்களை வைத்திருக்கின்றன. பொதுக்கலைக் குழு எனப்படும் இவ்வமைப்பில் கலைஞர், கட்டடக் கலைஞர், நகரசபை உறுப்பினர், அயல்வாசி ஆகியோர் இடம்பெறுவதும், அதன் தீர்மானத்துக்குப் பின்னரே பொதுப்பணம் செலவிடப்படுவதும் பொது வழக்கம். இலங்கையின் உள்ளூராட்சிச் சட்டங்கள் இத்தகைய குழுவை எந்தச் சபைக்கும் கட்டாயமாக்கவில்லை. ஆகவே பதுளை நகரிலும் அதைச் சூழ்ந்த ஊவாவின் பெருந்தோட்டங்களிலும் ஒரு பொதுச்சுவரில் எது வரவேண்டும் என்ற முடிவு பெரும்பாலும் நிதி தந்தவரிடமோ, கட்டடத்தைத் திறந்துவைக்க வருபவரிடமோ, தோட்ட முகாமையாளரிடமோ போய்ச் சேர்கிறது. இந்த நிலை மாற வேண்டும் என்பதில் கலையார்வலர்களிடையே கருத்து வேறுபாடு அதிகமில்லை. ஆனால் நகரங்களின் குழு முறையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து ஊவாவில் நட்டுவிட முடியாது. ஏனெனில் இங்கே எந்த ஓவியம் என்ற கேள்விக்கு முன்னால், சுவர் யாருடையது என்ற கேள்வி இன்னும் தீராமல் நிற்கிறது.

பதுளை மாநகர சபையின் எல்லைக்குள் இக்கேள்விக்கு விடை எளிது. சந்தையும் பூங்காவும் வாசிகசாலையும் சபைக்குச் சொந்தமானவை. சபை தீர்மானம் நிறைவேற்றினால் வேலை தொடங்கலாம். நகர எல்லையைத் தாண்டித் தேயிலை மலைகளுக்குள் நுழைந்ததும் நிலைமை சிக்கலாகிவிடுகிறது. 1970களில் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, காணி அரசுடையதாகவும், குத்தகை உரிமை கம்பனியுடையதாகவும், வீடமைப்பும் நலன்புரியும் அதே காலத்தில் அமைக்கப்பட்டுப் பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் பெற்ற அமைப்பின் பொறுப்பாகவும் பிரிந்தன. இவற்றுக்கு வெளியே நின்றது பிரதேச சபை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியமையால், தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம், சபையில் உறுப்பினராக அமரலாம், ஆயினும் தம் வரிசைக் குடியிருப்பான லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு மதகைக்கூடச் சபைப் பணத்தில் போடவியலாது என்ற விசித்திர நிலை முப்பது ஆண்டுகள் நீடித்தது. 2018 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே அத்தடையை நீக்கியது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையை நிறுவும் சட்டமும் வந்தமையால், தோட்டத்தின் பொதுக் கட்டடங்களுக்கு உரிமை கோரக்கூடிய அமைப்புகளின் வரிசையில் இன்னொன்று சேர்ந்தது.

இந்தச் சட்ட வரலாறு கலையோடு தொடர்பற்றதாகத் தோன்றலாம். உண்மையில் ஊவாவின் பொதுக்கலை பற்றிய எந்த உரையாடலும் இங்கிருந்துதான் தொடங்க முடியும். ஒரு பிள்ளைமடுவத்தின், அதாவது கொழுந்தெடுக்கச் செல்லும் தாய்மார் தம் குழந்தைகளை விட்டுச் செல்லும் பராமரிப்பு நிலையத்தின் சுவரில் தீட்டப்பட்ட படம் உரிந்துபோனால் அதைத் திருத்தும் கடமை கம்பனியுடையதா, நிதியத்தினுடையதா, பிரதேச சபையுடையதா என்பது எழுத்தில் இல்லாதவரை, அப்படத்தைத் தெரிவு செய்யும் உரிமையும் யாருக்கும் முறைப்படி இல்லை. முறைப்படி யாருக்கும் இல்லாத உரிமை, நடைமுறையில் வலியவருடையதாகிவிடும்.

அவ்வாறு வலியவர் தெரிவு செய்தவற்றுள் முதலிடம் பெறுவது பெயர்க்கல். ஒரு மண்டபமோ குடிநீர்த் திட்டமோ திறக்கப்படும்போது திரைநீக்கம் செய்யப்படும் கருங்கல் அல்லது பளிங்குப் பலகையே மலையகத்தில் மிக அதிகமாக உற்பத்தி செய்யப்பட்ட பொதுச் சிற்பம் என்று சொன்னால் அது கேலியாகத் தொனிக்கலாம். ஆனால் கட்டடத்தின் முகப்பில் கண்மட்டத்தில் நிலையாகப் பதிக்கப்படுவது, பொதுப்பணத்தில் செய்யப்படுவது, யாரும் முன்மொழிவு கோராமலேயே வடிவம் தீர்மானிக்கப்படுவது என எல்லா வகையிலும் அது பொதுக்கலையின் இடத்தைப் பிடித்துக்கொண்ட பொருளே. அடுத்த இடத்தில் நன்கொடையாளரின் இலச்சினை வருகிறது. மூன்றாவதாக வருவது, தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்து, இரண்டு இலையும் ஓர் அரும்பும் கிள்ளியவாறு புன்னகைக்கும் பெண்ணின் படம்.

இந்த மூன்றாவது பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். தேயிலைப் பெட்டிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் விடுதி வரவேற்பறைகளிலும் நூறாண்டுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப வரையப்பட்ட அவ்வுருவம், வாங்குவோரின் கண்ணுக்காக உருவாக்கப்பட்டது. அதில் இடுப்பில் சுற்றிய படங்கு இல்லை. அட்டைக் கடி இல்லை. இன்று பல மலைகளில் கூடைக்குப் பதிலாக முதுகில் தொங்கும் சாக்கும் இல்லை. ஒரு சர்வதேசப் பயணி அதைப் பார்த்து மகிழ்வதில் தவறில்லை. ஆனால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, பகல் முழுதும் மலையில் நின்று, கொழுந்து மடுவத்தில் நிறுவை முடிந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வரும் தாய்க்கு, பிள்ளைமடுவத்தின் சுவரிலும் தன் வேலையே படமாக நிற்க வேண்டுமா என்று எந்தத் திட்டத்திலும் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. வங்கி எழுதுநரின் பிள்ளை படிக்கும் பாலர் பாடசாலையில் பணம் எண்ணும் கைகளை யாரும் வரைவதில்லை. பிள்ளையின் சுவரில் அதன் தாயின் தொழிலை எழுதி வைப்பது, அத்தொழிலே அதற்கும் விதிக்கப்பட்டது என்று நல்லெண்ணத்தோடு அறிவிப்பதாகிவிடும் ஆபத்து உண்டு. எந்தத் தெரிவுக் குழு அமைந்தாலும் இந்தப் படத்தை மட்டும் ஒரு பத்தாண்டுக்கு ஒத்திவைப்பது நல்லது.

உழைப்பைக் கலையாக்கவே கூடாது என்பது இதன் பொருளன்று. சென்னை மெரினாவில் 1959 இல் நிறுவப்பட்ட தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை, பாறையை நெம்பும் நால்வரின் தசைநார்களில் உழைப்பின் பாரத்தை அப்படியே வைத்திருப்பதால்தான் அறுபது ஆண்டுகள் கடந்தும் தொழிலாளர் தினக் கூட்டங்களின் அடையாளமாக நிற்கிறது. மலையகத்துக்கு உள்ளேயிருந்தே வந்த ஹனுஷா சோமசுந்தரம், தேநீர் வடிகட்டிகளையும் தேயிலைக் கறையையும் ஊடகமாக்கித் தோட்டப் பெண்களின் வாழ்வைப் படைத்து வருகிறார். அவற்றில் கூடையும் புன்னகையும் தேவைப்படவில்லை. ஆனால் இத்தகைய படைப்புகளைக் கொழும்பின் காட்சிக்கூடங்களிலும் வெளிநாட்டு விழாக்களிலும் காண்பது, மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ காண்பதைவிட எளிதாக இருக்கிறது. ஊவாவின் பொதுச்சுவருக்கும் மலையகக் கலைஞருக்கும் நடுவே ஒரு வாயில் இல்லை; தெரிவுக் குழு என்பது அந்த வாயிலாக இருக்கக்கூடியது.

குழு இல்லாமலும் சுவர்கள் நிறைந்த ஒரு காலம் இருந்தது. 2019 நவம்பரில் நடந்த சனாதிபதித் தேர்தலை அடுத்த வாரங்களில் நாடெங்கும் இளைஞர்கள் தாமாகவே தூரிகையும் வாளியும் ஏந்தி மதில்களிலும் பாலங்களிலும் ஓவியம் தீட்டினர். யாருடைய அனுமதிக்கும் காத்திராத அந்த உற்சாகம் பாராட்டுக்குரியது. நகரங்கள் தூய்மையாகின என்பதும் உண்மை. எனினும் மன்னர்களும் போர்வீரர்களும் புராணப் பெருமிதமும் பெருமளவில் இடம்பிடித்த அச்சுவர்களில், நாட்டின் எல்லாச் சமூகங்களும் தம்மைக் கண்டனவா என்ற கேள்வி அப்போதே எழுப்பப்பட்டது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 18 சதவீதத்தினர் இந்திய வம்சாவளித் தமிழர். மாவட்டத்தின் பிரதேச செயலாளர் பிரிவுகள் சில 1999 இலேயே இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. அத்தகைய மாவட்டத்தில் பொதுச்சுவரின் மொழியும் உருவமும் ஒருசிலரின் ஒருவார உற்சாகத்துக்கு விடப்படலாகாது. சாதாரண எனாமல் பெயிண்டில் தீட்டப்பட்டவை ஒருசில மழைக்காலங்களுக்குள் மங்கியதும், அவற்றைத் திருத்துவதற்குப் பொறுப்பானவர் யாரும் இல்லாமற்போனதும் தனிக்கதை.

யாருடைய நினைவு இடம்பெறும் என்பதையும் வலியவரே தீர்மானித்தனர் என்பதை நினைவுச் சின்னங்களின் வரலாறு சொல்கிறது. பதுளை நகரின் நடுவே 1857 இல் எழுந்த புனித மாற்கு தேவாலயம், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயரெடுத்து, 1845 இல் ஹப்புத்தளையில் இடி தாக்கி இறந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற அரச அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது. தம்பத்தென்ன மலையுச்சியில் தேயிலை முதலாளி தோமஸ் லிப்டன் சிலையாக அமர்ந்திருக்கிறார். அவருடைய தொழிற்சாலைக்குக் கொழுந்து சுமந்தவர்களுக்கும், 1924 இல் பதுளை வரை வந்து முடிந்த புகையிரதப் பாதையில் வேலை செய்தவர்களுக்கும் அந்த உயரத்தில் ஓர் இருக்கை கிடைக்கவில்லை. கம்பளைக்கு அருகே பழைய லயக் காம்பராக்களையே காட்சிக்கூடமாக்கி 2007 இல் தொடங்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இக்குறையை ஓரளவு நிரப்புகிறது என்றாலும், அது கண்டி மாவட்டத்தில் உள்ளது. ஊவாவுக்கு அத்தகைய ஒன்று தேவை.

தோட்டங்களில் கலையைத் தெரிவு செய்யும் குழுவே இருந்ததில்லை என்று எண்ணினால் அது பெரும் பிழை. பெரும்பாலான தோட்டங்களில் கோயில் கமிட்டி இருக்கிறது. மாரியம்மன் கோயிலுக்குக் கோபுரம் எழுப்புவதென்று முடிவானதும், கமிட்டி கூடி, எத்தனை நிலை, எந்தத் தெய்வ உருவங்கள், எந்த ஸ்தபதி என்று பேசி, பல தோட்டங்களில் சம்பளப் பதிவேடான செக்ரோல் வழியாகவே மாதச் சம்பளத்தில் சந்தா பிடித்து, சுதைச் சிற்பங்களைச் செய்விக்கிறது. தளத்தைத் தெரிவு செய்தல், கலைஞரை அமர்த்துதல், நிதி திரட்டுதல், வேலையைக் கண்காணித்தல் என நகரங்களின் பொதுக்கலைக் குழுக்கள் செய்யும் அத்தனையையும் அது செய்கிறது. அவை செய்யத் தவறும் ஒன்றையும் அது செய்கிறது: பராமரிப்பு. ஆகம வழக்கப்படி பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை கும்பாபிஷேகம் நடத்த வேண்டியிருப்பதால், பாலாலயம் செய்து மூல மூர்த்திகளின் சக்தியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றி, கோபுரத்தின் வெடிப்புகளை அடைத்து, உடைந்த விரல்களையும் ஆயுதங்களையும் புதுக்கி, மீண்டும் வண்ணம் பூசும் சுழற்சி வழிபாட்டு நெறிக்குள்ளேயே பதிந்துவிட்டது. காலம் தவறினாலும் கடமை மறக்கப்படுவதில்லை. தவறியமை ஊருக்கே குறையாகப் பேசப்படும். எந்த மாநகர சபையின் சிற்பத்துக்கும் இத்தகைய உறுதியான பராமரிப்பு ஏற்பாடு வாய்த்ததில்லை.

ஆயினும் கோயில் கமிட்டியை அப்படியே முன்மாதிரியாகக் கொள்ளவும் முடியாது. அதன் தலைமை பெரும்பாலும் ஆண்களிடம், அதிலும் தொழிற்சங்கத் தலைவர்மாரிடமும் சாதி அடிப்படையில் முன்னுரிமை பெற்ற குடும்பங்களிடமும் இருப்பதும், சந்தாவைச் சமமாகச் செலுத்தும் பெண்களின் குரல் பொங்கல் வைப்பதோடு நின்றுவிடுவதும், வேற்று மதத்தவர் அதற்கு வெளியே நிற்பதும் மறைக்க முடியாதவை. பொதுக் கட்டடத்துக்கான குழு இந்தக் கமிட்டியிடமிருந்து சந்தா உணர்வையும் பன்னிரண்டாண்டுச் சுழற்சியையும் கற்றுக்கொள்ள வேண்டும். அதன் ஆசன ஒழுங்கைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஆசன ஒழுங்கு பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு நியூயோர்க்கில் உண்டு. ரிச்சர்ட் செராவின் ‘சாய்ந்த வில்’ என்ற 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட உருக்குச் சுவர், நிபுணர் குழுவொன்றின் பரிந்துரையின் பேரில் 1981 இல் மத்திய அரசு அலுவலக முற்றமொன்றில் நிறுவப்பட்டது. அன்றாடம் அம்முற்றத்தைக் கடப்போரிடம் முன்கூட்டிக் கேட்கப்படவில்லை. எதிர்ப்புகள் பெருகி, 1985 இல் பகிரங்க விசாரணை நடந்தபோது சாட்சியமளித்த 180 பேரில் 122 பேர் சிற்பம் இருக்கட்டும் என்றனர். ஆயினும் விசாரணைக் குழு அகற்றவே பரிந்துரைத்து, நீண்ட வழக்குக்குப் பின் 1989 இல் அது துண்டுகளாக வெட்டி அகற்றப்பட்டது. பெரும் கலைஞர், தேர்ந்த நடுவர்கள், போதிய நிதி என எல்லாம் இருந்தும், கேட்க வேண்டியவர்களிடம் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமையால், பின்னர் கேட்டபோது கிடைத்த விடையும் பயன்படாமற்போயிற்று. இதற்கு நேர்மாறாக, பிலடெல்பியா நகரில் சுவர்க்கிறுக்கல்களைக் கட்டுப்படுத்துவதற்காக 1984 இல் தொடங்கப்பட்டுப் பெரும் சுவரோவிய இயக்கமாக வளர்ந்த திட்டம், ஓவியம் வரையுமுன் அயலாருடன் கூட்டங்கள் நடத்துவதையே தன் முதல் வேலையாகக் கொண்டது. அதே நகரம் 1959 இலேயே பொதுக் கட்டடச் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கும் விதியை ஏற்றிருந்தது. பிரான்சு 1951 இல் பாடசாலைக் கட்டடங்களுக்கு இதே ஒரு சதவீத விதியைக் கொண்டுவந்தது.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு சென்னையின் கண்ணகி நகர். நகரின் உட்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்த 2000 ஆம் ஆண்டளவில் தென்சென்னையின் ஓரத்தில் உருவான அந்தக் குடியிருப்பின் அடுக்குமாடிச் சுவர்களில், 2020 இல் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த ஓவியர்கள் மாபெரும் ஓவியங்களைத் தீட்டினர். அதுவரை குற்றச் செய்திகளில் மட்டும் அடிபட்ட இடத்தின் பெயர் கலைப் பக்கங்களில் வரத் தொடங்கியது. குடியிருந்தோர் சிலர் அதைப் பெருமையாகவே கொண்டனர். தண்ணீரும் வேலைவாய்ப்பும் போக்குவரத்தும் தீராத குடியிருப்பில் வெளிச்சுவருக்கு வண்ணம் பூசுவது எவ்வகை முன்னுரிமை என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

அந்தக் கேள்வி ஊவாவில் இன்னும் கூர்மையாக எழும். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி 2021 இலேயே அதைப் பெற்று, 2024 இல் 1,350 ரூபாவை எட்டிய மக்களிடம், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பம் வாழும் லயங்கள் இன்னும் இடிக்கப்படாத நிலையில், ஓவியம் பற்றிப் பேசுவது நாகரிகமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான விடை தர வேண்டும். கலைக்கென்று புதிதாகப் பணம் திரட்டி வீட்டுக்குரியதைக் குறைக்கச் சொன்னால் அது அநாகரிகமே. ஆனால் பெயர்க்கல், அலங்கார வளைவு, திறப்புவிழாப் பந்தல், இலச்சினைப் பலகை என்று பொதுச்சுவருக்கான செலவு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டு கோடி ரூபா செலவில் எழும் ஒரு சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் ஒரு சதவீதம் என்பது இரண்டு இலட்சம் ரூபா. அத்தொகை எவருடைய பெயரைப் பொறிக்கச் செலவாகிறது என்பதுதான் இங்கே விவாதம்.

அந்த இரண்டு இலட்சத்தைச் செலவிடும் குழு என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு பிள்ளைமடுவத்தை வைத்தே எண்ணிப் பார்க்கலாம். அங்கே கைக்குழந்தைகள் தொட்டிலில் அண்ணாந்து கிடக்கின்றன. அவற்றின் கண்ணுக்குத் தெரிவது கூரையும் உத்தரமும். தவழும் பிள்ளைக்குத் தெரிவது தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை. சுவரோவியங்களோ பெரியவர்களின் கண்மட்டத்தில், புகைப்படத்துக்கு வாகான இடத்தில் தீட்டப்படுகின்றன. சுவரின் கீழ்ப்பாதி எண்ணெய்த் தலையும் ஈரக்கையும் பட்டுக் கறுக்கும் என்பதற்காகவே அங்கு அடர்நிற எனாமல் பூசும் பழக்கம் உண்டாயிற்று. மலைச்சரிவை வெட்டி அமைத்த தளங்களில் பின்சுவர் மண்ணை ஒட்டி நிற்பதால், வடகீழ்ப் பருவமழை தொடங்கும் மாதங்களில் ஈரம் உள்ளேறி பெயிண்ட் கொப்புளித்து உரியும். ஊவாத் தேயிலைக்கு மணம் தருகின்ற ஆடி ஆவணிக் கச்சான் காற்று வீசும்போது அதே சுவர் காய்ந்து வெடிக்கும். ஆகவே தள விபரக்குறிப்பு, அதாவது கலைஞருக்குக் குழு முன்கூட்டியே எழுதித்தரும் இட நிலைமை பற்றிய ஆவணம், எந்தச் சுவர் ஈரம் ஊறும், எந்தச் சுவர் பிள்ளையின் கைக்கு எட்டும், எந்த மாதத்தில் வேலை செய்யலாம் என்பதைச் சொல்ல வேண்டும். அதைப் படித்த கலைஞர் பெயிண்டை விட்டு, உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பதித்த சித்திரத்தையோ, பிள்ளைகள் தடவிப் பார்க்கக்கூடிய சீமெந்துப் புடைப்புருவத்தையோ, கூரையிலிருந்து தொங்கி அசையும் மர உருவங்களையோ முன்மொழியக்கூடும். முதற்கட்டத்தில் தெரிவானவர்களுக்குச் சிறுமாதிரி செய்யக் கொடுப்பனவு வழங்கி, அம்மாதிரிகளைப் பிள்ளைமடுவத்திலேயே ஒரு கிழமை வைத்து, பிள்ளைகளை அழைத்துப்போக வரும் தாய்மாரும் அங்கு பணிபுரியும் பராமரிப்பாளர்களும் பார்த்துச் சொல்வதைக் கேட்ட பின்னரே தீர்மானம் எடுக்கப்பட வேண்டும்.

இத்தகைய குழுவில் ஏழு பேர் இருந்தால் நால்வராவது அக்கட்டடத்தை அன்றாடம் பயன்படுத்துவோராகவும், அவர்களுள் பெரும்பான்மையினர் பெண்களாகவும் இருப்பதும், கூட்டத்துக்கு வருவதற்காக அவர்கள் இழக்கும் நாட்சம்பளம் ஈடுசெய்யப்படுவதும் இன்றியமையாதவை. ஒருநாள் பேர், அதாவது வேலைநாள் கணக்கு, விழாமற்போனால் மாதச் சம்பளத்தில் எதிரொலிக்கும் என்ற நிலையில், சம்பளமில்லாப் பங்கேற்பு என்பது உத்தியோகத்தர்கள் மட்டுமே பங்கேற்பதற்கான நாகரிகமான பெயர். தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர், கலைஞர் ஒருவர், சபையினதும் தோட்ட நிர்வாகத்தினதும் பிரதிநிதிகள் என மற்ற ஆசனங்கள் நிரம்பலாம். படைப்பு உருவானபின் அதைத் திருத்துவதோ அழிப்பதோ எப்போது, யார் சொல்லி என்பதை வரையறுக்கும் விலக்கல் விதியும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கலைஞரின் தார்மிக உரிமைகளை ஏற்றுக்கொள்வதால், ஓர் அமைச்சரின் வருகைக்காக ஓவியத்தின் மேல் ஒரே இரவில் வெள்ளையடிப்பது ரசனைக் குறைவு மட்டுமன்று, சட்டப் பிரச்சினையாகவும் ஆகலாம்.

சுவரோவியத்தை விடவும் முக்கியமான ஒன்று இப்பேச்சில் விடுபட்டுப்போகும் அபாயமுண்டு. தோட்டத்தின் மிகப் பழைய பொதுக்கலை சுவரில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. மாசி மாதத்தில் காமன் ஊன்றி, ரதியும் மதனும் வேடம் புனைந்து, தப்பின் அடிக்கு ஊரே விடிய விடியக் கூடி ஆடும் காமன் கூத்துக்கென ஒரு பொட்டல் பல தோட்டங்களில் உண்டு. லயங்கள் தனி வீடுகளாகி, குடும்பத்துக்கு ஏழு அல்லது பத்து பேர்ச் காணி பிரிக்கப்படும் புதிய கிராமங்களின் வரைபடத்தில் பாதைக்கும் வடிகாலுக்கும் கோடு கீறப்படும்போது, அந்தப் பொட்டலுக்கு ஒரு கோடு விழாவிட்டால் கூத்துக்கு இடமில்லாமற்போகும். ஒரு சதவீத நிதியைக் கொண்டு சமதளம் ஒன்றை வெட்டி, கல்லுக்கட்டையே படிவரிசையாக்கி, இரண்டு விளக்குக் கம்பங்கள் நட்டுத் தருவது, எந்தச் சிலையையும்விட நீண்டகாலம் பயன்படும் பொதுக்கலைப் பணியாக அமையும். கலையென்றால் பார்க்கும் பொருள் என்று மட்டும் எண்ணிப் பழகிய நிபுணர் குழுவுக்கு இது எளிதில் தோன்றாது. கூத்தில் வேடம் கட்டிய ஒருவர் குழுவில் இருந்தால் முதற்கூட்டத்திலேயே சொல்லிவிடுவார்.

நினைவுகூர்தலிலும் உரியவர்களிடமே கேட்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியோர் பின்னர் பூனாகலைப் பக்கத்து மக்கல்தெனியவில் குடியமர்த்தப்பட்டனர். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின் மண்சரிவுகளால் பதுளை மாவட்டம் மீண்டும் பெரும் இழப்பைச் சந்தித்தது. இனி எழப்போகும் மீள்குடியேற்றக் கிராமங்களில் நினைவிடம் வேண்டுமா, வேண்டுமாயின் எங்கே, பெயர்கள் எம்மொழியில், எந்த வரிசையில் என்பதை உற்றாரை இழந்தவர்களைத் தவிர வேறெவரும் தீர்மானிக்க உரிமையற்றவர்கள். நிதி வழங்கும் நாட்டின் கொடியும் நிறுவனத்தின் இலச்சினையும் அந்தக் கல்லில் இறந்தோரின் பெயர்களுக்கு மேலே வராமல் பார்த்துக்கொள்வதற்காக மட்டுமேனும் ஒரு குழு தேவை.

தோட்டத்து மக்கள் குழு நடத்தப் பழகாதவர்கள் என்று சொல்வோர் ஊவாவின் வரலாற்றை அறியாதவர்கள். 1940 இல் பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையுடன் கலந்தே நிர்வாகம் நடத்துவதாகத் தோட்ட முகாமையாளரான துரை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பொலிஸ் அடக்குமுறையாலும் ஊவாவைத் துண்டித்த வெள்ளத்தாலும் அந்த எழுச்சி முறியடிக்கப்பட்டது என்றாலும், தோட்டத்தையே நடத்தும் பொறுப்பில் பங்கு கேட்ட மக்களின் பேரர்களால் ஒரு பிள்ளைமடுவத்தின் சுவரைத் தீர்மானிக்க முடியாது என்பது ஏற்கத்தக்க வாதமன்று.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பிரதேச சபைகள் சட்டம் உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக் குழுக்களை அமைக்க ஏற்கெனவே இடம் தருகிறது. தோட்டத்துக்குள் செலவிடும் தடை 2018 இல் நீங்கிவிட்டது. ஊவா மாகாண சபை 2019 இல் கலைந்தபின் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினரின்றி இருப்பதால், இப்பணிக்கு எஞ்சியிருப்பது உள்ளூராட்சி மன்றங்களே. 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலில் தெரிவான பதுளை மாநகர சபையும், ஹாலிஎலை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை பிரதேச சபைகளும் தம் நான்காண்டுப் பதவிக்காலத்துக்குள், கம்பனிகளுடனும் மனிதவள அபிவிருத்தி நிதியத்துடனும் பராமரிப்புப் பொறுப்பை வரையறுக்கும் எழுத்துமூல உடன்படிக்கை ஒன்றைச் செய்து, பயன்படுத்துவோர் பெரும்பான்மையாக உள்ள குழுவொன்றை அமைக்கும் தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டும். அடுத்து எழவிருக்கும் சிறுவர் நிலையத்தின் பெயர்க்கல்லுக்கு ஒப்பந்தம் கொடுக்கப்படுமுன் அத்தீர்மானம் சபையின் மேசைக்கு வரட்டும்.